ஐ.வி.எஃப் கைகொடுக்காதபோது: உடம்பையும் மனதையும் தேற்றிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பிரசவித்த பெண்ணுக்கு நம் வீடுகளில் ஓர் ஏற்பாடு உண்டு. வெந்நீர்க் குளியல், பூண்டுக் குழம்பு, பத்தியச் சாப்பாடு, அம்மா வீட்டில் படுக்கை. குறைந்தது 40 நாள் அவளிடம் யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஐ.வி.எஃப் என்னும் செயற்கைக் கருத்தரிப்புக்காக நாள் தவறாமல் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து முட்டை எடுத்து, கருவை உள்ளே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, கடைசியில் 'நெகட்டிவ்' என்ற ரிப்போர்ட்டை வாங்கியவளுக்கு இப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தால் புதன்கிழமை ஆபீஸ். "அடுத்த பீரியட் வந்த இரண்டாம் நாள் வாங்க" என்று மருத்துவமனை சொல்லி அனுப்பிவிடும். வீட்டில் ஆளாளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவளும் உடம்பு தேற வேண்டியவள்தான். கையில் குழந்தை இல்லை என்பதற்காக அவள் உடம்பு பட்டது இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே அந்த 40 நாளை நீங்களே உரிமையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எப்போது மருத்துவரிடம் ஓடுவது, அதற்குப் பிறகு என்ன என்பதை வரிசையாகச் சொல்கிறேன். விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ சிகிச்சை தோற்றவர்களுக்கும், கருவே உருவாகாமல் பாதியில் நின்றவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ரிப்போர்ட் வந்த அன்று: எந்த மருந்தை நிறுத்துவது?

அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் அன்றைக்கே ஒரு போன் செய்துவிட வேண்டும், அல்லது கணவரைச் செய்யச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த மருந்தை இன்றோடு நிறுத்தலாம், எதைத் தொடர வேண்டும்?" கோபத்திலும் வெறுப்பிலும் மாத்திரைப் பெட்டியை மொத்தமாகத் தூக்கிக் குப்பையில் போடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. அது ஆபத்து.

கரு தங்க உதவும் ஹார்மோன்களான புரோஜெஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜனையும் பொதுவாக நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி, ஆஸ்பிரின் ஆகியவற்றை உங்களுக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரங்கள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று விடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியிருக்கும். தைராய்டு மாத்திரை, சர்க்கரைக்கோ பி.சி.ஓ.எஸ் என்ற சூல்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கோ சாப்பிடும் மெட்ஃபார்மின் இரண்டும் குழந்தைக்காக மட்டும் கொடுத்தவை அல்ல. கர்ப்பப்பைக் காசநோய் என்று மருந்து ஆரம்பித்திருந்தால், முழுக் கோர்ஸையும் முடித்தே ஆக வேண்டும். ஐ.வி.எஃப் தோற்றாலும் காசநோய்க் கிருமி உள்ளேதான் இருக்கிறது.

2. முதல் இரண்டு வாரம்: ரத்தப்போக்கும் எச்சரிக்கை அறிகுறிகளும்

புரோஜெஸ்டிரோனை நிறுத்தியதும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மாதவிலக்கு வந்துவிடும். எண்ணெயில் கரைத்த ஊசி போட்டவர்களுக்கு இன்னும் சில நாள் தள்ளலாம். இந்தமுறை வழக்கத்தைவிட அதிகமாகப் போகும், கட்டி கட்டியாகவும் போகும், வலியும் கூடுதலாக இருக்கும். ஹார்மோன் கொடுத்துத் தடிக்க வைத்த கர்ப்பப்பை உள்சுவர் மொத்தமாக உரிந்து வருவதுதான் காரணம். கட்டியைப் பார்த்து 'கருதான் போகிறதோ' என்று கழிவறையில் உறைந்து நிற்கும் பெண்கள் பலர். கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் கரு ஒட்டவே இல்லை. நீங்கள் பார்ப்பது உறைந்த ரத்தமும் உள்சுவர்த் திசுவும்தான்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் நிற்காத வலி, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், திடீரென்று வயிறு உப்பி சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரமாகியும் விலக்காகவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்கு ரிப்போர்ட் சுத்தமாக நெகட்டிவாக வராது. கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி அளவு லேசாக ஏறியிருக்கும், அப்புறம் இறங்கத் தொடங்கும். "தங்கவில்லை" என்று சொல்லிவிட்டார்கள், இனி எதற்கு ரத்தம் கொடுப்பது என்று பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. அந்த எண் 5-க்குக் கீழே வரும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதித்தே ஆக வேண்டும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தாலும் அளவு இப்படிக் குறைவாகவே காட்டலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டுவது, மயக்கம் என்று ஏதாவது வந்தால் நடுராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. ஊசி போட்ட இடமும் ஃபிரிட்ஜ் கதவும்

இடுப்பில் போட்ட எண்ணெய் ஊசி கல் மாதிரி கட்டிக்கொண்டு, உட்காரும்போது வலிக்கும். வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்கள். கரைய சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். வயிற்றில் ஹெப்பாரின் போட்ட இடத்தில் நீலம் பாய்ந்திருந்தால் அது தானாகவே மஞ்சளாகி மறையும்.

ஃபிரிட்ஜ் கதவில் மாவுக்கும் பால் பாக்கெட்டுக்கும் பக்கத்தில் பாதி தீர்ந்த ஊசிப் பேனா, உடைக்காத மருந்துக் குப்பி, கண்ணாடி பேப்பரில் சுற்றிய மாத்திரை எல்லாம் இன்னும் இருக்கும். காலையில் பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். இதை நீங்கள் செய்ய வேண்டாம், வீட்டில் வேறு யாரையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனையிலேயே கொடுத்துவிட வேண்டும். தெருக் குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும். மிச்சம் இருப்பதைச் சிகிச்சையில் இருக்கும் தோழிக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். விலை அதிகம்தான், ஆனாலும் கொடுக்காதீர்கள். குளிர் விட்டுப்போன மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

4. "என்னாலதான் போச்சா?"

மனம் தேறுவதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். அன்றைக்கு மாடிப்படி ஏறினேனே, இருமினேனே, ஆட்டோ குலுங்கியதே, பப்பாளி ஒரு துண்டு சாப்பிட்டேனே, மாமியாரோடு சண்டை போட்டேனே என்று மனம் பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும். கேட்பவர்களும் அதற்கு எண்ணெய் ஊற்றுவார்கள்: "நீ டென்ஷன் ஆனதுதான் காரணம்."

கரு ஒட்டாமல் போவதற்கு மிகப் பெரிய காரணம் கருவுக்குள்ளேயே இருக்கிறது. முட்டையும் விந்தணுவும் சேரும்போது குரோமோசோம் எண்ணிக்கையில் கோளாறு வந்தால், மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தெரியும் கருகூட வளராது. பெண்ணின் வயது ஏற ஏற இந்தக் கோளாறு கூடுகிறது, 35-க்கு மேல் வேகமாகக் கூடுகிறது. இதைப் படியேறாமல் இருந்தோ பழம் சாப்பிடாமல் இருந்தோ மாற்ற முடியாது. கருவை வைத்தபின் படுத்தே கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால்தான் இப்போது பல மருத்துவமனைகளில் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடக்கச் சொல்லிவிடுகிறார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். இருமினால் கரு வெளியே விழுந்துவிட அங்கே இடமே கிடையாது.

'டென்ஷன்' பேச்சுக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளை, மொத்தம் 3,583 பெண்களின் விவரங்களை, ஒன்றாக அலசி 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பு மனக்கவலையோடு இருந்தவர்களுக்கும் நிம்மதியாக இருந்தவர்களுக்கும் அந்தச் சுற்றில் கரு தங்கும் வாய்ப்பில் வித்தியாசம் இல்லை என்பதே அதன் முடிவு. அடுத்த தடவை யாராவது டென்ஷன் என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள். சொல்லத் தெம்பில்லாவிட்டால், உங்கள் மனதுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு: "இத்தனை முட்டை எடுத்துவிட்டார்களே, என் முட்டையெல்லாம் தீர்ந்துவிட்டதா?" இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்றுதான் முழுதாக முதிரும், மற்றவை தானாகவே அழிந்துபோகும். எப்படியும் அழியப்போகும் அந்த முட்டைகளைத்தான் ஊசி பிடித்து வளர்க்கிறது. அடுத்தடுத்த மாதங்களுக்கான இருப்பில் அது கை வைப்பதில்லை.

5. 40 நாள் பத்தியம்

முதலில் விடுப்பு. சிகிச்சை தோல்விக்கென்று தனியாக விடுப்பு தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் கர்ப்பம் உறுதியாகி, அப்புறம் கலைந்திருந்தால் மகப்பேறு சலுகைக்கான சட்டம் சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு தருகிறது. மருத்துவச் சான்று வேண்டும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கும் இதே போன்ற பலன் உண்டு. இது தெரியாமல் தற்செயல் விடுப்பை எடுத்து முடித்துவிட்டவர்கள் நிறைய. சுத்தமாக நெகட்டிவ் என்றால் சாதாரண மருத்துவ விடுப்புதான் வழி. மூன்று நான்கு நாளாவது எடுங்கள். சான்றிதழில் காரணத்தை எப்படி எழுதுவது என்று மருத்துவரிடமே பேசலாம். ஆபீசில் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

சாப்பாட்டில் முதல் வேலை, சிகிச்சைக் காலத்து விதிகளைக் கைவிடுவது. தினமும் இளநீர், தினமும் மாதுளை, குங்குமப்பூப் பால், யாரோ சொன்ன பொடி என்று வாய் மரத்துப்போயிருக்கும். ஒரு வாரம் உங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள். அப்புறம் இரும்புச் சத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதன்மேல் இப்படி ஒரு ரத்தப்போக்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, முட்டை, அசைவம் சாப்பிடுவோருக்கு ஈரல், மத்தி மீன் எல்லாம் நல்லது. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடம்பு ஏற்க, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் லேகியம், பஸ்பம், பெயர் இல்லாத பொட்டலம் எதையும் இந்தச் சமயத்தில் வாங்காதீர்கள். பாதரசம், ஈயம் கலந்த மருந்துகளால் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பை தன்னைத்தானே மாதாமாதம் சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அரசு சித்த மருத்துவமனைக்குப் போய், இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டிக் கேளுங்கள்.

எடை கூடியிருக்கும். நீர் கோத்ததில் ஏறிய எடை முதல் மாதவிலக்கோடு பெரும்பாலும் இறங்கிவிடும். மீதி, மாதக்கணக்கில் பயந்து பயந்து உட்கார்ந்தே இருந்ததால் ஏறியது. உடனே ஜிம்மில் சேர்ந்து உடம்பைத் தண்டிக்க வேண்டாம். முட்டை எடுத்து இரண்டு வாரம் ஆகாதவர்கள் குதிப்பது, உடம்பை முறுக்குவது கூடவே கூடாது. வீங்கிய சூல்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. காலையில் 10 நிமிடம் நடங்கள். மறுவாரம் 20. வெயில் ஏறும் முன்பு, மொட்டை மாடியிலானாலும் சரி. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்குக்கு ஒரு மாதத்துக்குள் வந்துவிடலாம். நடையின் பெரிய பலன் தூக்கம்தான். இத்தனை நாள் அலாரம் வைத்து ஊசி போட்ட உடம்பு, அந்த நேரம் வந்தால் தானே விழித்துக்கொள்ளும். பகல் தூக்கத்தைக் குறைத்து, போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டுப் படுத்தால் சில வாரங்களில் சரியாகும். ராத்திரி 2 மணிக்கு யூடியூபில் 'நெகட்டிவ் பாசிட்டிவ் ஆகுமா' என்று தேடுவதை நிறுத்தினாலே பாதி தூக்கம் திரும்பிவிடும்.

6. ஆறாவது வாரம்: ரத்தப் பரிசோதனை

இந்த ரத்தப் பரிசோதனை அடுத்த சுற்றுக்காக அல்ல. உங்கள் உடம்பின் நிலையைத் தெரிந்துகொள்வதற்காக. ஹீமோகுளோபின், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு டி.எஸ்.எச், சர்க்கரை, வைட்டமின் டி, பி12, ரத்த அழுத்தம் எல்லாம் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரை சாப்பிட்டு அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் இருப்பு நிரம்பும். ஹார்மோன் ஊசிக் காலத்தில் டி.எஸ்.எச் ஏறியிருக்கலாம். அப்போது கூட்டிய தைராய்டு மாத்திரையின் அளவு இப்போதும் தேவையா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையை மட்டும் நம்ப வேண்டாம். இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பி.சி.ஓ.எஸ் உள்ளவர்கள் வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்த பிறகும் பார்ப்பது நல்லது.

7. வீட்டுக்கும் ஊருக்கும் என்ன சொல்வது?

நம் ஊரில் இது உடம்பு நோவைவிடப் பெரிய நோவு. "ஏதும் விசேஷம் உண்டா?" என்று பஸ் நிறுத்தத்தில்கூடக் கேட்பார்கள். திருக்கருகாவூருக்குப் போனீர்களா, சஷ்டி விரதம் இருந்தீர்களா என்று அடுத்த கேள்வி வரும். கேட்பவர்களில் பலர் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அந்த ரிப்போர்ட்டை நீங்கள் புதிதாக வாங்குகிறீர்கள்.

அதனால் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அக்காவோ அம்மாவோ நாத்தனாரோ, வாய் கட்டுப்பாடு உள்ள ஒருவர். அவரே மற்றவர்களுக்குச் சொல்லட்டும்: "இந்தத் தடவை அமையல. கொஞ்ச நாள் அவகிட்ட இதப்பத்திக் கேக்காதீங்க." மாமியாரிடம் கணவர்தான் பேச வேண்டும். அது அவருடைய அம்மா. மருமகள் வாயால் அந்தச் செய்தி போனால் அது வாக்குவாதமாகத் திரும்ப அதிக நேரம் ஆகாது. "அம்மா, டாக்டர் ரெண்டு பேருக்கும்தான் வைத்தியம் பாத்தாங்க. அவமேல குறை இல்ல. இனிமே இதப்பத்தி என்கிட்ட மட்டும் கேளுங்க." மகன் இந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னாலே வீட்டின் காற்று மாறிவிடும்.

வளைகாப்பு, தொட்டில் போடுவது, காதுகுத்து போன்ற அழைப்புகள் தொடர்ந்து வரும். போகாமல் இருப்பது பொறாமை ஆகாது. பணமோ புடவையோ கொடுத்தனுப்பிவிட்டு, "உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வந்து பார்க்கிறேன்" என்றால் போதும். அது பொய்யும் இல்லை. சொந்தத் தங்கையின் வளைகாப்பு, போகாமல் தீராது என்றால் சடங்கு முடிந்து சாப்பாட்டு நேரத்துக்குப் போய், கிளம்பும் நேரத்தையும் முன்கூட்டியே கணவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இல்லாதவள் வளையல் போடக் கூடாது என்று யாராவது ஒதுக்கினால், அங்கிருந்து எழுந்து வருவதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. இந்த வழக்கத்தைச் சம்பிரதாயம் என்ற பேரில் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள்மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு.

கோயிலும் வேண்டுதலும் ஆறுதல் தருகிறது என்றால் தாராளமாகப் போங்கள். யாரோ விரட்டுகிறார்கள் என்பதற்காக வெறும் வயிற்றோடு விரதம் மட்டும் வேண்டாம், குறிப்பாக ரத்தம் குறைந்திருக்கும் இந்த மாதங்களில்.

8. கணவனும் மனைவியும்

அவர் அழவில்லை என்பதால் அவருக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆண்கள் பலர் இந்தத் துக்கத்தை வேலைக்குள் போட்டுப் புதைப்பார்கள். சிலர் குடியில் இறங்குவார்கள். அவருக்கும் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, புகை கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் அடுத்த முயற்சி உண்டோ இல்லையோ, அவரும் மூன்று மாதம் புகையையும் மதுவையும் விட்டுப் பார்ப்பது வீண்போகாது.

தினமும் ராத்திரி இதையே பேசினால் இருவரும் களைத்துப்போவீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று ஒதுக்கி அப்போது மட்டும் பேசுங்கள். மற்ற நேரத்தில் படம், கடைவீதி, ஊர்க்கதை.

தாம்பத்யம் பற்றி யாரும் பேசுவதில்லை. நாள் குறித்து, ஸ்கேன் பார்த்து, டாக்டர் சொன்ன ராத்திரியில் மட்டும் என்று பழகிய உறவில் ஆசை வற்றிப்போயிருக்கும். ரத்தப்போக்கு நின்று வலியும் இல்லை என்றால் உடம்பளவில் தடையில்லை. ஆனால் அவசரமும் இல்லை. கொஞ்ச நாள் வெறுமனே கை பிடித்துப் படுத்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டால் இறுக்கம் குறையும். தொடர்ந்து வலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கருக்குழாய் அடைப்பு போன்ற காரணம் இல்லாதவர்களுக்கு ஐ.வி.எஃப் தோற்ற பிறகு இயற்கையாகக் கரு தங்குவதும் நடக்கிறது. ஆகவே மாதம் தள்ளிப்போனால் பரிசோதிக்காமல் எக்ஸ்ரேயோ வலுவான மருந்தோ எடுக்க வேண்டாம்.

9. துக்கம் நோயாக மாறும்போது

அழுகை வருவதும், குழந்தை வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கோபமும் இயல்பானவை. அலைபோல வரும், போகும். நடுநடுவே சிரிக்கவும் முடியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது, குளிக்கவே மலைப்பாக இருக்கிறது, 'நான் இருந்து என்ன' என்ற எண்ணம் வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோய். அதற்கு மருத்துவம் இருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஹார்மோன் ஏறி இறங்கும் இந்த நாள்களில் அது திரும்ப வரக்கூடும்.

2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் சென்னை சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணுக்கு அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தை பெற முடியாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. குழந்தைக்கு முயற்சி செய்யும்போதும் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. நீங்கள் முயற்சியில் இருப்பதை மனநல மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்.

10. ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்

40 நாள் போகட்டும். அதற்கு முன்பு மருத்துவரோடு உட்கார்ந்தால் பாதி காதில் ஏறாது. போகும் முன் முழு ஃபைலின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எத்தனை முட்டை கிடைத்தது, அதில் முதிர்ந்தவை எத்தனை, கருவானவை எத்தனை, ஐந்தாம் நாள்வரை வளர்ந்தவை எத்தனை, உள்சுவர் தடிமன் எவ்வளவு, கருவை வைப்பதில் சிரமம் இருந்ததா என்று பாருங்கள். வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்கவும் இந்தத் தாள்கள்தான் ஆதாரம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: "அடுத்த முறை எதை மாற்றுவீர்கள், ஏன்?" 'அதேதான், இன்னொரு தடவை பார்ப்போம்' என்பதும் சில சமயம் நேர்மையான பதில்தான். கவலைப்பட வேண்டியது நீளமான கூடுதல் பட்டியல் வரும்போது. உதாரணமாக, கர்ப்பப்பை உள்சுவரைக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று பல வருடம் செய்தார்கள். நியூசிலாந்து ஆய்வாளர்கள் தலைமையில் 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வந்தது. கீறியவர்களிலும் கீறாதவர்களிலும் குழந்தை பிறந்தது ஒரே அளவில், 26.1 சதவீதம். எந்தக் கூடுதல் ஊசிக்கும் பரிசோதனைக்கும் "இதனால் குழந்தை பிறப்பது கூடியது என்று நிரூபணம் உண்டா?" என்று கேளுங்கள்.

உறைய வைத்த கரு மீதம் இருந்தால் அதற்கான கட்டணம், புதுப்பிக்கும் தேதி, ஒப்புதல் படிவத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தது ஆகியவற்றைச் சரிபாருங்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவை 10 வருடம்வரை சேமிக்கலாம். இதனால் முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

11. பணம்

நகைக்கடன், தனிநபர் கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில் தேதி தவறி நகை ஏலத்துக்குப் போனால் அது இரண்டாவது அடி. பழைய கடனின் தவணை கைக்குள் அடங்கும்வரை அடுத்த சுற்றுக்கு முன்பணம் கட்டாதீர்கள், சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது என்று போன் வந்தாலும்.

12. அடுத்து?

மறுபடி முயற்சி செய்வது, கொஞ்சம் இடைவெளி விடுவது, இத்தோடு நிறுத்துவது எல்லாமே முழுமையான முடிவுகள்தான். உடம்பளவில் ஒன்றிரண்டு மாதவிலக்கு ஒழுங்காக வந்தபின் பெரும்பாலானோர் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடலாம். முட்டை இருப்பு குறைவாக உள்ளவர்களும் 40-ஐ நெருங்குபவர்களும் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். எத்தனை சுற்று, எவ்வளவு பணம், எந்த வயதுவரை என்று தொடங்கும் முன்பே இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை ஓடத் தொடங்கியபின் அந்தக் கோட்டைப் போடுவது கஷ்டம். இந்தியச் சட்டம் இந்தச் சிகிச்சையைப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுவரை அனுமதிக்கிறது. உங்கள் எல்லை அதற்கு வெகு முன்னாலேயே இருக்கலாம்.

தத்தெடுப்பதை ஆறுதல் பரிசாக யாராவது உங்கள்முன் நீட்டினால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். துக்கம் ஆறாமல் எடுத்தால் அது வரும் குழந்தைக்கும் நியாயமில்லை. மனம் உண்மையாகவே அந்தப் பக்கம் திரும்பினால் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவதுதான் பாதுகாப்பான, சட்டபூர்வ வழி. 2022 விதிகளின்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதுக் கூட்டுத்தொகை 85-க்கு மேல் போகக் கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90, 4 முதல் 8 வயதுக்கு 100. சிறு குழந்தைக்கான காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும். எனவே வயதுக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மருத்துவமனையிலோ தரகர் மூலமோ 'நேரடியாக' குழந்தை தருகிறோம் என்றால் அது குற்றம். எவ்வளவு ஏக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மகப்பேறு மருத்துவரோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொள்ளாதீர்கள். பி.சி.ஓ.எஸ் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். அதோடு, மூன்று மாதத்துக்கு மேல் விலக்காகாமல் இருந்தால் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதைக் கவனிக்க வேண்டும். உள்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு வைத்தியம் குழந்தைக்காக மட்டும் செய்வதில்லை. 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. அந்த வாசலில் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருப்பது வலிக்கிறது என்றால், கூட்டம் குறைவான நேரம் எது என்று செவிலியரைக் கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள்.